கிராம சபையில் காமிக்ஸுக்குத் தடை போட முடியுமா?

திருவையாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரும் நண்பர்களும் கோயிலை ஒட்டின கொட்டகையில் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிப்பு நடத்துகிறார்கள். ஒரு மரப்பெட்டி நிறைய காமிக்ஸ் இருக்கிறது, மாதம் ஒருமுறை புரொஜெக்டர் வைத்து கார்ட்டூன் படமும் காட்டுகிறார்கள். போன வாரம் ஊர்ப் பெரியவர் ஒருவர், அட்டையில் மண்டையோடும் துப்பாக்கியும் போட்ட ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இதையெல்லாம் பிள்ளைங்க கையில் கொடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துடுவேன்" என்று சத்தம் போட்டிருக்கிறார். அடுத்த கிராம சபையில் ஊருக்குள் காமிக்ஸும் கார்ட்டூனும் கூடாது என்று தீர்மானம் கொண்டுவரப் போவதாகவும் பேச்சு. அப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருக்கிறதா, ஊர் மட்டத்தில் தடை போட முடியுமா என்பது கேள்வி.

நான் கும்பகோணம் கோர்ட்டில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வக்கீல் தொழில் செய்கிறேன், காமிக்ஸ் படிப்பது அதற்கும் முன்னாலிருந்து. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அந்தப் பெரியவர் சொன்னது பொய்யில்லை. சட்டம் இருக்கிறது. 1956-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த இளம் வயதினருக்குத் தீங்கு தரும் வெளியீடுகள் சட்டம் என்று பெயர், அந்த ஆண்டின் 93-வது சட்டம். இன்னும் நடப்பில் இருக்கிறது. வக்கீல்களிலேயே பலர் இதைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள், நானும் கும்பகோணம், தஞ்சாவூர் கோர்ட்டுகளில் இதன் கீழ் ஒரு வழக்கு நடந்து பார்த்ததில்லை. ஆனால் புத்தகத்தில் இருக்கிற சட்டம் புத்தகத்தில் இருக்கிற சட்டம்தான், யாராவது எடுத்து நீட்டினால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அதில் தீங்கு தரும் வெளியீடு என்பதற்கு என்ன விளக்கம் என்றால், குற்றம் செய்வதையோ, வன்முறையோ கொடுமையோ நிறைந்த செயல்களையோ, அருவருப்பான பயங்கரமான சம்பவங்களையோ முழுவதுமாகவோ பெரும்பாலுமோ சித்திரிக்கிற கதைகள், அதுவும் அந்த வெளியீடு மொத்தத்தில் ஒரு இளம் வயதினரைக் கெடுக்கக் கூடிய விதத்தில் இருந்தால். கதை படத்தோடு இருக்கலாம், படமில்லாமல் இருக்கலாம், முழுக்கப் படமாகவே இருக்கலாம். இளம் வயதினர் என்றால் இருபது வயதுக்குக் கீழே. பதினெட்டு இல்லை, இருபது. கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிற பையனும் இதற்குள் வந்துவிடுகிறான். விற்றாலும், வாடகைக்கு விட்டாலும், விநியோகித்தாலும், பொதுவில் பார்வைக்கு வைத்தாலும், அதற்காக அச்சடித்தாலும் கையில் வைத்திருந்தாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம்.

இதைப் படித்ததும் பயமாக இருக்கும். பயப்படுவதற்கு முன்னால் இந்த வாசகம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் இதன் எல்லை புரியும்.

1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஒரு பெரிய இடுகாட்டுக்குள் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கையில் கம்பும் கத்தியுமாகப் புகுந்துவிட்டார்கள். இரும்புப் பல் வைத்த ரத்தக்காட்டேரி ஒன்று இரண்டு பையன்களைக் கொன்று தின்றுவிட்டது, அதைப் பிடிக்க வந்தோம் என்றார்கள். அப்படி எந்தப் பையனும் காணாமல் போகவில்லை, பிள்ளைகளுக்குள் பரவிய வதந்திதான். ஆனால் பெரியவர்கள் பழியைத் தூக்கி அமெரிக்காவிலிருந்து வந்த பயங்கரக் கதை காமிக்ஸ் மேல் போட்டார்கள். ஏற்கெனவே அங்கே அந்தக் காமிக்ஸுக்கு எதிராகப் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது, இந்தச் சம்பவம் எண்ணெய் ஊற்றியது. 1955-ல் பிரிட்டனில் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே நம் சட்டம். குற்றம், வன்முறை அல்லது கொடுமை, அருவருப்பு அல்லது பயங்கரம் என்கிற அந்த மூன்று தலைப்புகளும், மொத்தத்தில் கெடுக்கக்கூடியதா என்கிற சோதனையும் அங்கிருந்து கிட்டத்தட்ட வரிக்கு வரி எடுத்தவை. ஒரு பெரிய வித்தியாசம், பிரிட்டன் சட்டம் படக்கதைகளை மட்டும் குறிவைத்தது, நாம் படமில்லாத கதைகளையும் சேர்த்துக்கொண்டோம்.

அந்தக் காலகட்டமே அப்படி. பிரான்ஸ் 1949-லேயே சிறுவர் பத்திரிகைகளுக்குத் தனிச் சட்டம் போட்டது, கனடா அதே வருஷம் குற்றக் கதை காமிக்ஸைக் குற்றவியல் சட்டத்துக்குள் கொண்டுபோய் 2018-ல்தான் அதை எடுத்தது. அமெரிக்காவில் 1954-ல் செனட் குழு விசாரணை நடந்து, அரசு சட்டம் போடுவதற்குள் பதிப்பாளர்களே பயந்து தங்களுக்குள் ஒரு தணிக்கை விதியை வைத்துக்கொண்டார்கள். அங்கே உள்ளூர் அளவிலும் தடைகள் வந்தன, உங்கள் கேள்விக்கு அதுதான் நெருக்கமானது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் குற்றக் கதை காமிக்ஸ் விற்கக் கூடாது என்று விதி போட்டது. 1959-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அங்கே கவுண்டிக்கு விதி போடும் அதிகாரமாவது இருந்தது. நம் ஊராட்சிக்கு அதுகூட இல்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

சட்டத்தில் வாடகைக்கு விடுவது என்று ஒரு சொல் வருகிறது பாருங்கள், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கடை ஞாபகம் வரும். எண்பதுகளில் கும்பகோணத்தில் எங்கள் தெரு முனையில் ஒரு வாடகை நூல் நிலையம், முன்பக்கம் வெற்றிலை சீவல், உள்பக்கம் புத்தகம். முத்து, லயன், ராணி என்று சிவகாசியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற காமிக்ஸை அட்டை கிழியாமல் இருக்க பழுப்புக் காகிதம் ஒட்டி, முதுகில் கோணி ஊசியால் தைத்து, கடைசிப் பக்கத்தில் நீல மையில் நம்பர் போட்டு வைத்திருப்பார் கடைக்காரர். ஒரு நாளைக்கு இருபத்தைந்து காசு. வீட்டுக்கு எடுத்துப்போக அம்மா சம்மதிக்க மாட்டாள் என்பதால் கடைத் திண்ணையிலேயே உட்கார்ந்து படித்துக் கொடுத்துவிட்டு வருவோம். சில புத்தகங்களைக் கேட்டால் அவர் தரமாட்டார், "இது உனக்கு இல்லடா, அண்ணனை வரச் சொல்லு" என்பார். எந்தச் சட்டப் பிரிவும் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு புத்தகத்தையும் அவர் படித்திருந்தார், அவ்வளவுதான்.

நான் ஏழாவது படிக்கும்போது அங்கே எடுத்த ஒரு காமிக்ஸை வகுப்பில் பிடித்துவிட்டார்கள். ஆசிரியர் உள்ளே ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. அட்டையில் ஒருவன் துப்பாக்கி நீட்டிக்கொண்டிருந்தான், அது போதுமாக இருந்தது. என் கண் முன்னாலேயே இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். கிழிந்த அட்டைக்கு நடுவில் அந்தத் தையல் நூல் தொங்கிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அந்தக் கதையில் துப்பாக்கி வைத்திருந்தவன் போலீஸ்காரன், கடத்தப்பட்ட ஒரு சிறுமியை மீட்கப் போகிறவன். மூன்று ரூபாய் நஷ்டஈடு கட்ட நான் ஒரு மாதம் காசு சேர்த்தேன்.

சரி, இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1956 சட்டத்தின் உயிரே மொத்தத்தில் என்கிற சொல்லில்தான் இருக்கிறது. அட்டையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் செல்போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பியும் முடிவு செய்ய முடியாது. கதை முழுவதையும் வைத்துப் பார்த்து, அது குற்றத்தையோ கொடுமையையோ செய்யத் தூண்டுகிறதா, பிள்ளையைக் கெடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொலை நடக்கிறது என்பதற்காகவே ஒரு கதை தீங்கு தரும் வெளியீடு என்றால் பாரதக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே முடியாது. துரியோதனன் அடிபட்டு விழுகிற தெருக்கூத்தையும் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டுதான் நாம் பார்க்கிறோம்.

அடுத்து, யாருக்கு என்ன அதிகாரம். ஒரு புத்தகத்தைத் தீங்கு தரும் வெளியீடு என்று அறிவித்துப் பிரதிகளையெல்லாம் பறிமுதல் செய்ய மாநில அரசால் முடியும். சும்மா முடியாது, அரசு தலைமை வழக்கறிஞரைக் கலந்து ஆலோசிக்க வேண்டும், அரசிதழில் வெளியிட வேண்டும், ஏன் என்று காரணத்தையும் அதில் எழுத வேண்டும். அறுபது நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீங்கள் தஞ்சாவூர் மாவட்டம், அதனால் மதுரைக் கிளை. இதே பிரச்சினை திருவாரூரிலோ நாகப்பட்டினத்திலோ மயிலாடுதுறையிலோ வந்தால் சென்னைக்குப் போக வேண்டும். இது பலருக்குக் குழப்பம், அதனால் சொல்லி வைக்கிறேன்.

போலீஸ் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகலாமா என்றால், தீங்கு தரும் வெளியீடு என்றால் கைப்பற்ற அதிகாரம் உண்டு. ஆனால் கைப்பற்றியதைச் சீக்கிரமே மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும், அது தீங்கானதா இல்லையா என்று முடிவு செய்வது மாஜிஸ்திரேட். இல்லை என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே யாராவது காக்கிச்சட்டையில் வந்து பெட்டியைத் தூக்கினால் சண்டை போடாதீர்கள், தடுக்காதீர்கள். மகஜர் எழுதச் சொல்லுங்கள், எத்தனை புத்தகம், என்ன பெயர் என்று ஒவ்வொன்றாக அதில் வர வேண்டும், ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர் புகார் கொடுத்து உங்களை ஸ்டேஷனுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டால் அந்த மனுவுக்கு சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பதிவேட்டில் ஏற்றினதற்கான ரசீது, போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இப்போது கிராம சபை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன் கீழ் கிராம சபைக்கு மரியாதை உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஊரின் வரவுசெலவைக் கேட்கலாம், திட்டங்களை வைத்துப் பேசலாம், குடிநீர், சாலை, விளக்கு என்று தீர்மானம் போடலாம். ஆனால் ஒரு புத்தகத்தைப் படிக்கக் கூடாது என்று சொல்கிற அதிகாரம் அதற்கு இல்லை. பேச்சுரிமைக்கு, அதில் படிக்கிற உரிமையும் அடங்கும், அரசியல் சாசனம் 19(2)-ல் சொன்ன காரணங்களுக்காக சட்டத்தின் மூலமாகத்தான் கட்டுப்பாடு போட முடியும். ஊரே கை தூக்கினாலும் தீர்மானம் சட்டம் ஆகாது. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்கிற முறையில் கலெக்டருக்கு, வரம்பு மீறின தீர்மானத்தை நிறுத்தவோ ரத்து செய்யவோ மனு கொடுக்கலாம்.

இன்னொரு வழியிலும் நெருக்குவார்கள், அதற்குத்தான் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும் என்று தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ இரு தரப்பையும் கூப்பிட்டு அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தி, இனிமேல் நடத்த மாட்டோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நடந்தது அதுதான். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அப்படிப்பட்ட பேச்சுவார்த்தையில் எழுதி வாங்கினது யாரையும் கட்டுப்படுத்தாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை ஒரு நகல் எடுத்துப் பெட்டிக்குள் வையுங்கள். கூப்பிட்டால் போங்கள், மரியாதையாகப் பேசுங்கள், கையெழுத்து மட்டும் யோசிக்காமல் போடாதீர்கள்.

கலெக்டருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் நேரடி அதிகாரம் இருக்கிற ஒரு இடம் கேபிள் டிவி. 1995 கேபிள் சட்டப்படி அவர்கள் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிகள், நிகழ்ச்சி நெறிமுறைக்குப் பொருந்தாத நிகழ்ச்சியைத் தங்கள் எல்லைக்குள் ஒளிபரப்பக் கூடாது என்று உத்தரவு போடலாம். பிள்ளைகள் அதிகமாகப் பார்க்கிற நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒவ்வாத நிகழ்ச்சியைப் போடக் கூடாது என்று அந்த நெறிமுறையிலேயே தனியாக ஒரு விதி உண்டு. டெல்டாவில் ஒவ்வொரு டவுனிலும் உள்ளூர் சேனல்கள் இருக்கின்றன, கோடை விடுமுறையில் பகலெல்லாம் எங்கிருந்தோ இறக்கின கார்ட்டூனைப் போடுகிறார்கள். அதில் ஏதாவது கோளாறு என்றால் பெரியவர் தாராளமாகக் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், அது நியாயமான வழி. பெரிய சேனல் என்றால் 2021 விதிப்படி முதலில் சேனலுக்கே புகார், 24 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஜப்பான் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பையன்கள் இப்போது காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து செல்போனில் பார்ப்பது முக்கால்வாசி ஜப்பான் அனிமேதான். அங்கே இது நாட்டுச் சட்டமாக இல்லாமல் உள்ளூர்ச் சட்டமாகத்தான் வளர்ந்தது. டோக்கியோ மாநகர அரசு 1964-லிருந்தே இளைஞர் நலனுக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. 2010 டிசம்பரில் அதைத் திருத்தி, குற்றமாகிற பாலுறவையும் நெருங்கிய ரத்த உறவுக்குள் நடக்கும் பாலுறவையும் நியாயமில்லாமல் பெரிதுபடுத்திக் காட்டுகிற மங்கா என்கிற ஜப்பான் காமிக்ஸையும் அனிமேவையும் அதற்குள் கொண்டுவந்தார்கள், 2011 ஜூலையில் முழுமையாக அமலானது. நடிகர்கள் நடித்த படங்களை விட்டுவிட்டு வரைந்ததை மட்டும் குறிவைத்ததால் பெரிய எதிர்ப்பு, பத்துப் பெரிய பதிப்பகங்கள் டோக்கியோ அனிமே கண்காட்சிக்கு வரமாட்டோம் என்று ஒதுங்கின. ஆனால் அந்த விதியும் புத்தகத்தைத் தடை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் வந்த புத்தகத்தைப் பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, உறை போட்டுத் தனி அலமாரியில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தெரு வெற்றிலைக் கடைக்காரர் செய்ததும் அதுதானே. தடையை விடத் தனி அலமாரி எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

உங்களுக்கு நிஜமாகவே ஆபத்து வரக்கூடிய இடங்கள் வேறு, அவற்றில் கண்டிப்பாக இருங்கள். ஆபாசமானதைப் பிள்ளைக்குக் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 295-வது பிரிவு, முதல் முறைக்கே மூன்று வருஷம் வரை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருபது என்று இருந்த வயது இதில் பதினெட்டு ஆகிவிட்டது. குழந்தையைப் பாலியல் ரீதியாகக் காட்டுகிற படம் என்றால் போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற சட்டம். வரைந்ததுதானே, நிஜம் இல்லையே என்று அங்கே தப்பிக்க முடியாது, 2019 திருத்தத்துக்குப் பிறகு கணினியில் செய்த படமும், உருவாக்கியோ மாற்றியோ குழந்தை போலத் தோன்றும்படி செய்த படமும் அந்த விளக்கத்துக்குள் வருகின்றன. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கில்தான், அந்த மாதிரிப் படத்தை அழிக்காமல் வைத்திருப்பதே எந்தச் சூழ்நிலையில் குற்றமாகும் என்று விரிவாகச் சொல்லியிருக்கிறது. கார்ட்டூன் என்றாலே பிள்ளைகளுக்கானது என்று நினைத்து செல்போனைக் கொடுத்துவிடுகிற அப்பா அம்மாக்களுக்கு இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அனிமே என்பது படம் எடுக்கிற ஒரு முறை, அதில் ஐந்து வயதுக்கும் உண்டு, முப்பது வயதுக்கும் உண்டு. ஓடிடியில் 7, 13, 16 என்று வயது முத்திரை போட்டு வருகிறது, 13-க்கும் அதற்கு மேலானவற்றுக்கும் பெற்றோர் பூட்டும் இருக்கிறது. அந்தப் பூட்டைப் போட்டுக் காட்டுவதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாம்.

படம் காட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். தணிக்கைச் சான்று இல்லாத படத்தைப் பொதுவில் திரையிடுவது 1952 சினிமாட்டோகிராஃப் சட்டப்படி குற்றம், அனிமேஷனுக்கு விலக்கு கிடையாது. வீட்டில் பார்க்கக் கட்டின ஓடிடி சந்தாவை வைத்துக் கொட்டகையில் காட்டினால் காப்புரிமைப் பிரச்சினையும் சேரும். பெரியவர் நல்ல வக்கீலைப் பிடித்தால் காமிக்ஸை விட்டுவிட்டு இதைத்தான் பிடிப்பார். ஆகவே யு சான்று பெற்ற படம், அதற்கு உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி, இரண்டும் கையில் இருந்தால் மட்டும் திரையைக் கட்டுங்கள். அதுவரை புரொஜெக்டர் பரணிலேயே இருக்கட்டும், வாசிப்பு நிற்க வேண்டாம்.

பெட்டியில் இருக்கிற எல்லாப் புத்தகத்தையும் உங்களில் ஒருவராவது முழுசாகப் படியுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர், பதிப்பகம், படித்தவர் கையெழுத்து, எந்த வயதுக்கு என்று நாலு பத்தி கிழித்து எழுதுங்கள். பெரிய பிள்ளைகளுக்கானதைத் தனியாகப் பூட்டி வையுங்கள். கோர்ட்டில் இந்த நோட்டு ஒரு நல்ல ஆவணம், நீங்கள் கண்மூடித்தனமாகக் கொடுக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அப்புறம் அந்த மண்டையோட்டு அட்டைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிராம சபைக்கு முன்னாலேயே ஒருநாள் சாயங்காலம் பெரியவர் வீட்டுக்குப் போங்கள். அவர் பேரன் உங்கள் வாசிப்புக்கு வருகிறவன் என்று எழுதியிருந்தீர்கள், அவனையும் கூட்டிப் போங்கள். கதையை அவனே தாத்தாவுக்கு முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டட்டும். அவர் கேட்ட பிறகும் வேண்டாம் என்றால், எந்த இடம் சரியில்லை என்று அவரிடமே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சில சமயம் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கும்.

அதையும் மீறித் தீர்மானம் நிறைவேறினால் ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்து நகல் வாங்குங்கள், தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நகல் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள் தம்பி, கலெக்டருக்கு மனு நான் எழுதித் தருகிறேன், பீஸ் எதுவும் வேண்டாம்.